1948 செவர்லேக்கு எலிமென்ட் மாற்றும் ஆயில் ஃபில்டர் பொருத்தலாமா?

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய தாத்தா வாங்கிய 1948ஆம் ஆண்டு செவர்லே ஃப்ளீட்மாஸ்டர் கார் பல ஆண்டுகள் கொட்டகையில் ஓடாமல் நின்றிருந்தது. சென்ற ஆண்டு எஞ்சினை இறக்கிப் பிரித்து, கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகளுக்குப் புதிதாக வெள்ளை மெட்டல் (பேரிங்கின் உட்பரப்பாக அமையும் மென்மையான உலோகக் கலவை) ஊற்றி, மீண்டும் பூட்டியிருக்கிறார்கள். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் எஞ்சினில் ஆயில் ஃபில்டர் என்று எதுவுமே இல்லை என்பது பூட்டும்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வேலை செய்த மெக்கானிக், ஒரு டீசல் லாரியின் திருகும் வகை ஃபில்டரைக் கொண்டுவந்து, எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கில் துளை போட்டு, பம்பிலிருந்து வரும் ஆயில் முழுவதும் அதன் வழியாகவே போகும்படி செய்துவிடலாம் என்கிறார். சூடான எஞ்சினில் ஆயில் பிரஷர் கேஜ் (சதுர அங்குலத்துக்கு) 15 பவுண்டுக்கு மேல் ஏறுவதில்லை என்பதால் பம்பும் பலவீனமாகிவிட்டது, 50 கிரேடு ஆயில் ஊற்றினால் சரியாகும் என்றும் சொல்லியிருக்கிறார். வாசகரின் சித்தப்பாவோ, ஃபில்டர் இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்த எஞ்சின் அது, எதையும் சேர்க்காதே என்கிறார். இதற்கிடையே அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், அந்தக் காலத்து இரும்பு ஃபில்டர் டப்பா ஒன்றை அனுப்பியிருக்கிறார். மூடியைக் கழற்றி, உள்ளே ஆயிலை வடிகட்டும் பகுதியான எலிமென்ட்டை மட்டும் மாற்றும் வகை அது. எலிமென்ட்டும் இல்லை, குழாய்களும் இல்லை.

வாசகர் கேட்பவை இவை. இந்த டப்பாவைப் பொருத்துவது நல்லதா, லாரி ஃபில்டர் நல்லதா? ஃபில்டர் வைத்தால் பிரஷர் கூடுமா, ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டலாமா? பிற்காலத்தில் பழமை வாகனமாகப் பதிவு செய்யும்போது இந்த மாற்றம் தடையாக நிற்குமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் உறவினர் அனுப்பிய டப்பாவையே பொருத்துங்கள் என்பதுதான் என் முடிவான கருத்து. பிளாக்கில் புதிதாகத் துளை போட அனுமதிக்காதீர்கள் என்பதை அதைவிட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் அந்த டப்பா என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் புரிந்துகொண்ட பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மூன்று நான்கு தவறான எண்ணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றின்படி வேலை நடந்தால், நீங்கள் பணம் செலவழித்து ஊற்றிய வெள்ளை மெட்டலுக்கே ஆபத்து வரும்.

உங்கள் வண்டியில் இருப்பது 216.5 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.5 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின். 1937 முதல் 1953 வரை, சிறுசிறு மாற்றங்களோடு, செவர்லே கார்களிலும் லாரிகளிலும் இதே எஞ்சின்தான் இருந்தது. நம் நாட்டில் இந்த வண்டிகள் பரவலாக ஓடியதற்குக் காரணம், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் 1954 வரை பம்பாயின் சிவ்ரி பகுதியில் ஒரு பூட்டும் தொழிற்சாலையை நடத்தியதுதான்.

சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த எஞ்சின் ஃபில்டர் இல்லாமலேயே தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது உண்மை. ஆனால் ஃபில்டர் அதற்கு ஒவ்வாது என்பதால் அல்ல, விலையைக் குறைவாக வைப்பதற்காக. விரும்பியவர்கள் கூடுதல் பணம் கொடுத்து விற்பனையாளரிடமே வாங்கிப் பொருத்திக்கொள்ளும் உபகரணமாக ஆயில் ஃபில்டர் அன்றே கிடைத்தது. எலிமென்ட்டை மாற்றக்கூடிய ஆயில் ஃபில்டருடன் கிறைஸ்லர் கார் சந்தைக்கு வந்தது 1924இல். எனவே 1948ஆம் ஆண்டு வண்டிக்கு இது அந்நியமான பொருள் அல்ல.

15 பவுண்டு என்பது நோய் அல்ல

முதலில் பிரஷர் பற்றிய அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் டேஷ்போர்டில் உள்ள ஆயில் கேஜைப் பாருங்கள். அதன் கடைசி எண்ணே 30தான். நல்ல நிலையில் உள்ள 216 எஞ்சின், சூடான பிறகு, சாதாரண ஓட்ட வேகத்தில் 14, 15 பவுண்டு காட்டினால் போதும். ஐடிலிங்கில் அதைவிடக் கீழே இறங்கும். உங்கள் மெக்கானிக் பிற்கால எஞ்சின்களில் 40, 50 பவுண்டு பார்த்துப் பழகியவராக இருப்பார். அந்தக் கண்ணோடு பார்த்தால் 15 குறைவாகத்தான் தெரியும். அவருடைய அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்த எஞ்சினின் ஆயில் ஓட்டம் வேறு வகை, அவ்வளவுதான்.

அந்த ஓட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கிறது. பம்பிலிருந்து கிளம்பும் ஆயில், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் நான்கு மெயின் பேரிங்குகளுக்கும் கேம் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கும் பிரஷரோடு போகிறது. கனெக்டிங் ராடுகள் கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் கீழ்முனையான பிக் எண்ட் பேரிங்குகளுக்கோ, இன்றைய எஞ்சின்களைப் போல, கிராங்க் ஷாஃப்ட்டுக்குள் போட்ட துளை வழியாக ஆயில் போவதில்லை. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் ஆயில் பேனுக்குள் ஒவ்வொரு ராடுக்கும் கீழே ஒரு தொட்டி இருக்கிறது. ராடின் அடியில் சிறிய அகப்பை போன்ற டிப்பர் இருக்கிறது. குறைந்த வேகத்தில் டிப்பர் அந்தத் தொட்டியிலிருந்து ஆயிலை அள்ளிக்கொள்கிறது. வேகம் கூடும்போது, பேனில் பொருத்தியுள்ள நாஸில்கள் ஆயிலைத் தாரையாகப் பீய்ச்ச, சுழன்று வரும் டிப்பர் அந்தத் தாரையை எதிர்கொண்டு வாங்கிக்கொள்கிறது. ஆக, கேஜில் நீங்கள் பார்க்கும் பிரஷர் பிக் எண்ட் பேரிங்குக்கு நேரடியாகப் போவதே இல்லை.

ஆகவே உங்கள் வெள்ளை மெட்டலின் ஆயுளைத் தீர்மானிப்பவை, நாஸில்கள் அடைபடாமல் இருப்பது, அவற்றின் தாரை டிப்பரை நோக்கிச் சரியான உயரத்தில் பாய்வது, டிப்பர்கள் வளையாமல் இருப்பது, ஆயில் தடையில்லாமல் ஓடும் பதத்தில் இருப்பது ஆகியவையே. நாஸிலின் குறி சரியா என்று பார்ப்பதற்கென்றே அன்றைய செவர்லே பட்டறைகளில் தனியாக ஓர் அளவுக் கருவி இருந்தது என்றால் அதன் முக்கியத்துவம் புரியும். எஞ்சினைப் பூட்டும்போது உங்கள் பட்டறையில் இதைச் சரிபார்த்தார்களா என்று கடிதத்தில் குறிப்பு இல்லை. பார்க்கவில்லை என்றால், ஃபில்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே ஆயில் பேனை ஒருமுறை இறக்குங்கள்.

50 கிரேடு ஆயில் கேஜின் முள்ளை இரண்டு மூன்று பவுண்டு மேலே தள்ளும், உண்மைதான். ஆனால் அந்தக் கெட்டியான ஆயில் நாஸில் வழியே மெதுவாகப் பாயும். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது டிப்பருக்குக் கிடைப்பதும் குறையும். கேஜ் நல்ல செய்தி சொல்லும் அதே நேரத்தில் பிக் எண்ட் பட்டினி கிடக்கும். நம் ஊர் வெப்பத்துக்கு ஒற்றை கிரேடு 30, அல்லது எளிதில் கிடைக்கும் 20டபிள்யூ-40 போதுமானது. பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கி எண்ணிக்கையை ஏற்றும் வேலையையும் யாரும் செய்ய விடாதீர்கள். ஃபில்டர் வைத்தால் பிரஷர் கூடுமா என்ற உங்கள் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கூடாது. சரியாகப் பொருத்தினால் மாறாமல் இருக்கும். தவறாகப் பொருத்தினால் குறையும்.

முழு ஓட்டம், பைபாஸ்: இரண்டும் வெவ்வேறு

ஆயில் ஃபில்டரில் இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில் பம்ப் அனுப்பும் ஆயில் முழுவதும் ஃபில்டரைக் கடந்த பிறகே பேரிங்குகளுக்குப் போகும். இன்றைய வண்டிகள் எல்லாம் இப்படித்தான். இரண்டாவது முறையில், பேரிங்குகளுக்குப் போகும் பெருவழி அப்படியே இருக்க, அதிலிருந்து ஒரு சிறு பங்கு மட்டும் கிளை பிரிந்து ஃபில்டருக்குள் போய், சுத்தமாகி, நேராக ஆயில் பேனுக்குத் திரும்பிவிடும். இதைப் பைபாஸ் என்பார்கள். உங்கள் கையில் இருக்கும் டப்பா இந்த இரண்டாம் வகை. உங்கள் எஞ்சினும் இதற்காகவே அமைந்தது.

மெக்கானிக் சொல்லும் முழு ஓட்ட முறை கேட்பதற்கு மேலானதாகத் தோன்றுகிறது. எல்லா ஆயிலும் வடிகட்டப்பட்டால் நல்லதுதானே என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். பொதுவாகச் சொன்னால் அது சரி. இந்த எஞ்சினுக்குச் சரியில்லை. இங்கே பம்ப் எஞ்சினுக்கு உள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஆயிலை இடையில் மறித்து வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் உட்பாதை ஒன்றை அடைத்து, பிளாக்கைத் துளைக்க வேண்டும். எழுபது ஆண்டுகளைக் கடந்த வார்ப்பிரும்பில், கீறல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் செய்கிற வேலை அது. செய்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாது.

பிரஷர் கணக்கும் எதிராகவே நிற்கிறது. திருகும் வகை ஃபில்டர்கள் பலவற்றில், எலிமென்ட் அடைத்துக்கொண்டால் ஆயில் வடிகட்டப்படாமலேயே தாண்டிப் போவதற்கென உள்ளே ஒரு வால்வு இருக்கும். அது பொதுவாக 8 முதல் 15 பவுண்டு வித்தியாசத்தில் திறக்கும். 50 பவுண்டு பிரஷர் உள்ள லாரி எஞ்சினில் 10 பவுண்டு ஃபில்டரிலேயே போனாலும் 40 மிஞ்சுகிறது. மொத்தமே 15 பவுண்டு உள்ள உங்கள் எஞ்சினில் 10 போனால் மெயின் பேரிங்குக்கும் நாஸிலுக்கும் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. பைபாஸ் எலிமென்ட் முற்றிலும் அடைத்துக்கொண்டால் ஆயில் சுத்தமாவது நிற்கும், ஆனால் பேரிங்குக்குப் போகும் ஆயில் ஒரு துளியும் குறையாது. முழு ஓட்ட ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அந்தச் சிறு வால்வை நம்பியே எஞ்சின் உயிரோடு இருக்க வேண்டும்.

பைபாஸின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்போது பேனில் மிதக்கும் ஒரு மணல் துகள் அடுத்த நொடியே பம்ப் வழியாகப் பேரிங்குக்குப் போவதை அது தடுக்காது. பெரிய துகள்களை நிறுத்துவது பம்பின் வாயிலுள்ள கம்பி வலை மட்டுமே. பைபாஸ் ஃபில்டர் வாசலில் நிற்கும் காவலாளி அல்ல. வீட்டை இடைவிடாமல் பெருக்கிக்கொண்டே இருக்கும் ஆள். அதனால்தான் அதைப் பொருத்துவதற்கு முன் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறேன். பல ஆண்டுகள் நின்ற எஞ்சினின் பேனிலும் வால்வு அறையிலும் படிந்த கசடைக் கையால் சுரண்டி வெளியேற்றியாக வேண்டும். அதை ஃபில்டர் செய்துவிடும் என்று விட்டுவைக்கக் கூடாது.

அந்தச் சின்னத் துளை

இந்த வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு துளை. பைபாஸ் பாதையில் எங்கேயாவது ஓரிடத்தில் ஆயிலின் ஓட்டத்தை அளந்து விடும் ஒரு குறுகிய வாய் இருக்க வேண்டும். பெரும்பாலும் 1/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் விட்டம். சில டப்பாக்களில் இது நடுக்குழாயில் இருக்கும். சிலவற்றில் உள்ளே வரும் பித்தளை ஃபிட்டிங்கில் இருக்கும். உங்களுக்கு வந்த டப்பாவில் குழாய்களும் ஃபிட்டிங்குகளும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துளையும் அவற்றோடு போயிருக்கலாம் என்பதுதான் எனக்கு எழுந்த முதல் கவலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 பவுண்டு பிரஷரில் 1.6 மில்லிமீட்டர் துளை வழியாகச் சூடான ஆயில் அதிகம் போனால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்குப் போகும். எலிமென்ட்டின் தடையையும் சேர்த்தால் அதற்கும் குறைவு. உங்கள் பேனில் இருப்பது ஏறக்குறைய 4.7 லிட்டர். அந்த அளவு ஆயில் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கடக்கிறது. சுத்தமான ஆயிலும் அழுக்கு ஆயிலும் கலந்தே இருப்பதால் ஒரே சுற்றில் எல்லாம் சுத்தமாகிவிடாது என்றாலும், ஒரு மணி நேர ஓட்டத்துக்கு இது தாராளம். இப்போது அந்தத் துளை இல்லாமல், கால் அங்குல வாயுள்ள குழாயை நேராக இணைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் நான்கு மடங்கு என்றால் பரப்பு பதினாறு மடங்கு. பம்ப் தரும் ஆயிலில் பெரும்பகுதி எளிய வழியைத் தேடி ஃபில்டருக்குள் போய்ப் பேனில் விழும், கேஜ் சரியும், மெயின் பேரிங்கும் நாஸிலும் காயும். ஃபில்டர் வைத்த பிறகு எஞ்சின் போய்விட்டது என்று பழைய வண்டிக்காரர்கள் சொல்லும் கதைகளில் விசாரித்தால், பெரும்பாலும் இந்தத் துளை காணாமல் போயிருக்கும்.

எனவே 1.6 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் மழுங்கிய பக்கத்தைக் கொண்டு, டப்பாவின் உள்வாயையும் நடுக்குழாயையும் சோதியுங்கள். குறுகிய வாய் இருந்தால் நல்லது. இல்லையென்றால் லேத் பட்டறையில் ஒரு பித்தளைப் பிளக்கைக் கடைந்து, நடுவில் அந்த அளவுக்குத் துளையிட்டு, குழாய் பிளாக்கை விட்டுக் கிளம்பும் முனையிலேயே வையுங்கள். டப்பாவின் முனையில் வைப்பதைவிட இது நல்லது. வழியில் குழாய் உடைந்தால், பிளாக் முனையில் துளை இருக்கும் நிலையில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர்தான் போகும். கேஜைக் கவனித்து வண்டியை ஓரம்கட்ட அவகாசம் கிடைக்கும். துளை டப்பாவில் இருந்தால் அந்த அவகாசம் இல்லை. இரண்டு இடத்திலும் துளை இருந்தாலும் கெடுதல் இல்லை, ஃபில்டருக்குப் போகும் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையும், அவ்வளவே.

பொருத்தும்போது

பிளாக்கின் இடது பக்கத்தில், ஃபில்டருக்காகவே தொழிற்சாலையில் போட்ட இணைப்பு வாய்கள் பிளக்கால் மூடப்பட்டிருக்கும். பட்டறைக் கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டு அவற்றை அடையாளம் காணுங்கள். எது பிரஷர் வாய், எது திரும்பும் வாய் என்பதை ஊகத்துக்கு விடாதீர்கள். இக்னிஷன் வயரைக் கழற்றிவிட்டு, பிளக்கைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றினால் பிரஷர் வாயிலிருந்து ஆயில் தள்ளிக்கொண்டு வரும். திரும்பும் வாயில் சிறிது ஆயிலை ஊற்றினால் தேங்காமல் உள்ளே இறங்கிவிடும். கேஜுக்குப் போகும் மெல்லிய குழாயில் டீ ஃபிட்டிங் போட்டு ஆயில் எடுக்கும் குறுக்குவழியைத் தவிர்த்துவிடுங்கள். அப்படிச் செய்தால் கேஜ் சொல்வதை நம்ப முடியாது.

அந்தக் காலத்தில் டப்பாவை மேனிஃபோல்டின் ஸ்டட்களில் பிராக்கெட் வைத்துப் பிடிப்பது வழக்கம். இந்த எஞ்சினில் எக்ஸாஸ்டும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. கசியும் ஆயில் சூடான எக்ஸாஸ்டின் மேல் சொட்டினால் முதலில் புகை வரும், பிறகு தீப்பற்றும். ஆகவே ஃபிட்டிங்குகள் எக்ஸாஸ்ட் குழாய்க்கு நேர் மேலே வராதபடி பிராக்கெட்டைத் திருப்பி வையுங்கள். மெக்கானிக் யோசனை சொன்ன ரப்பர் குழாயும் கிளிப்பும் இங்கே கூடவே கூடாது. தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் விற்கும் குழாய்கள் சூடான ஆயிலில் ஊறி உப்பி, கிளிப்பை விட்டு நழுவும். செம்புக் குழாயைத் தனியாகப் பயன்படுத்தினால் எஞ்சினின் அதிர்வில் நாளடைவில் இறுகி ஃபிளேர் முனையில் கீறல் விடும். டப்பாவை எஞ்சின்மேலேயே பிடித்திருப்பதால் பிரேக்குக்குப் பயன்படும் இரும்புக் குழாயை வளைத்துப் போடலாம். அல்லது ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் கடையில் இரு முனையும் பிரஸ் செய்த ஆயில் ஹோஸாக வாங்கிக்கொள்ளலாம். டிராக்டரும் பொக்லைனும் ஓடும் எந்த ஊரிலும் அந்தக் கடை இருக்கும். டப்பாவைச் சேஸியிலோ ஃபயர்வாலிலோ பொருத்துவதாக இருந்தால் ஹோஸ்தான் சரி, ஏனென்றால் எஞ்சின் ஆடும், பாடி ஆடாது.

எலிமென்ட்டைப் பொறுத்தவரை, பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட அளவைச் சொல்லிக் கேட்பதே பலன் தரும். டப்பாவின் உள்விட்டம், மூடிவரை உயரம், நடுக்குழாயின் விட்டம் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். பஞ்சு நூல் திணித்த பழைய வகை எலிமென்ட் மிக நுண்ணிய அழுக்கையும் பிடிக்கும். மடிப்புக் காகித வகை அவ்வளவு நுண்மையாகப் பிடிக்காவிட்டாலும் குற்றமில்லை. கவனிக்க வேண்டியது மேலும் கீழும் உள்ள அடைப்பு. எலிமென்ட்டின் முனை நடுக்குழாயோடு இறுக்கமாக உட்காரவில்லை என்றால், ஆயில் சுலபமான சந்து வழியாகப் போய், வடிகட்டப்படாமலேயே பேனுக்குத் திரும்பும். வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் அது தெரியாது. மூடியின் கேஸ்கெட்டையும் நடு போல்ட்டின் காப்பர் வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

பொருத்துவதற்கு முன், சூடான எஞ்சினில் ஐடிலிங் பிரஷரையும் 50 கிலோமீட்டர் வேகத்துப் பிரஷரையும் குறித்து வையுங்கள். பொருத்திய பின் அதே நிலையில் மீண்டும் பாருங்கள். ஒரு பவுண்டு குறைந்தால் கவலை வேண்டாம். மூன்று பவுண்டுக்கு மேல் குறைந்தால் வண்டியை ஓட்டாமல் அந்தத் துளையைச் சோதியுங்கள். முதல் ஓட்டத்தில் டப்பாவுக்குள் ஆயில் நிரம்புவதால் பேனில் மட்டம் இறங்கும். நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்துக் குறைவதை ஊற்ற வேண்டும். டிப்பர் முறையில் ஓடும் எஞ்சினுக்கு ஆயில் மட்டம் குறைவது பெரிய கெடுதல் என்பதால் இதை மறக்கலாகாது. இருபது நிமிடம் ஓட்டிய பின் டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஆயில் ஓடுகிறது. குளிர்ந்தே இருந்தால் துளையோ எலிமென்ட்டோ அடைத்திருக்கிறது.

ஆயில் மாற்றும் இடைவெளி

ஃபில்டர் வந்துவிட்டால் இனி ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதுமே என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தை விட்டுவிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஃபில்டர் பிடிப்பது தூசி, கரி, உலோகத் துகள் போன்ற திடப்பொருள்களைத்தான். எரியாத பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்துப்போவதையோ, எரிப்பில் உண்டாகும் ஈரத்தையோ, அமிலத்தையோ அதனால் நீக்க முடியாது. மாதம் ஒருமுறை கொட்டகையிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கிறேன் என்று நீங்கள் குறிப்பிட்டிருக்கும் பழக்கம் அந்த ஈரத்தைச் சேர்த்து வைக்கும் வழி. ஆயில் நன்றாகச் சூடாகும் முன்பே அணைத்துவிடுவதால் ஈரம் ஆவியாகாமல் உள்ளேயே தங்குகிறது. அதைவிட, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் முப்பது நாற்பது கிலோமீட்டர் சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள்.

புதிய வெள்ளை மெட்டல் என்பதால் முதல் 500 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் எலிமென்ட்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பிறகு 1,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில். எலிமென்ட் இரண்டு ஆயிலுக்கு ஒருமுறை. கழற்றிய எலிமென்ட்டைத் தூக்கி எறியும் முன் அறுத்து விரித்து, வெயிலில் பாருங்கள். வெள்ளியாக மின்னும் மெல்லிய செதில் காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் அது வெள்ளை மெட்டல். ஓரிரு பொட்டு புதிய எஞ்சினில் இயல்பு, நிறைய இருந்தால் பேனை இறக்கி ராடுகளைப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. எஞ்சினைப் பிரிக்காமலேயே அதன் உள் நிலையைக் காட்டும் இந்த ஒரு காரணத்துக்காகவே எலிமென்ட் மாற்றும் வகையை நான் விரும்புகிறேன். திருகும் வகையில் தகர டப்பாவை அறுத்தால்தான் இது முடியும்.

பழைய எஞ்சினுக்குக் கசடு கரைக்கும் டிடர்ஜென்ட் கலந்த ஆயில் ஆகாது என்று யாரோ சொன்னதாகவும் கேட்டிருக்கிறீர்கள். ஃபில்டர் இல்லாத எஞ்சினில் அதற்கு ஒரு நியாயம் உண்டு; டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலில் அழுக்கு அடியில் படிந்துவிடும், சுற்றாது. ஆனால் ஃபில்டர் இருக்கும் எஞ்சினில் அழுக்கு மிதந்தால்தான் ஃபில்டரை வந்து சேரும். எஞ்சினைப் பிரித்துக் கசடு எடுத்துவிட்ட நிலையில், டிடர்ஜென்ட் உள்ள சாதாரண ஆயிலே உங்களுக்குப் பொருத்தம். கசடு எடுக்காத எஞ்சினில் மட்டும் திடீரென அதற்கு மாறக் கூடாது. கரைந்து பெயரும் கட்டிகள் நேராக நாஸிலை அடைக்கும். அழுக்கு உள்ளே வரும் வாசல்களையும் கவனியுங்கள். கார்புரேட்டர் மேலுள்ள ஏர் கிளீனரும் ராக்கர் கவரில் ஆயில் ஊற்றும் மூடியின் வலையும் சுத்தமாக இருந்தால் ஃபில்டரின் வேலை பாதியாகக் குறையும்.

பதிவும் சட்டமும்

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பராமரிக்கப்பட்டு, சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய அளவில் மாற்றம் செய்யப்படாத வாகனங்களைப் பழமை வாகனங்களாகப் பதிவு செய்ய வழிசெய்கிறது. அப்படிப் பதிவானால் எண்பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அதற்குப் பிறகு வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது.

அக்காலத்திலேயே உபகரணமாக விற்ற ஃபில்டரை, ஏற்கெனவே உள்ள இணைப்பு வாய்களில், எதையும் வெட்டாமல் துளைக்காமல் பொருத்துவது இவற்றில் எதற்கும் முரணாகாது என்பது என் கருத்து. அது பதிவுச் சான்றின் எந்த விவரத்தையும் தொடுவதில்லை. இரண்டு பிளக்குகளைத் திருப்பி மாட்டினால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். பிளாக்கைத் துளைத்து லாரி ஃபில்டர் பொருத்தினால் இதே உறுதியோடு என்னால் சொல்ல இயலாது. எப்படியும், வேலைக்கு முன்னும் பின்னும் எஞ்சினைப் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பிளக்குகளை ஒரு பையில் போட்டுச் சீட்டு எழுதி வண்டியின் ஆவணங்களோடு சேர்த்துவிடுங்கள். ஆய்வாளர் கேட்டால் காட்டலாம்.

நீங்கள் வேலையைத் தொடங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பேனை இறக்கி நாஸிலையும் டிப்பரையும் பார்த்துக் கசடு எடுங்கள். அடுத்து டப்பாவின் துளையைச் சோதியுங்கள். அதன் பிறகே குழாய் வளைக்கக் கொடுங்கள். டப்பாவின் மூன்று அளவுகளையும், பிளாக்கின் இடது பக்கப் படத்தையும் எனக்கு அனுப்பினால், எலிமென்ட்டையும் ஃபிட்டிங்கின் மரை அளவையும் தேர்ந்துகொள்ள உதவ முடியும். படம் எடுக்கும்போது பிளக்குகளின் தலை தெளிவாகத் தெரியும்படி கிரீஸைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள்.